ஜாமீன் கிடைக்காத கை

தன் உதட்டைக் கிழித்த புருஷன் மருதையனுக்கு அவனைப் பெத்தவளே ஜாமீன் நிற்பதைக் கோர்ட்டின் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி.

"மறுபடி அடிக்க மாட்டான்னு நீ பொறுப்பேத்துக்கிறியாம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆளுக்கு நிக்கிறேன் சாமி. அந்த வலது கைக்கு மட்டும் என்னால முடியாது. அது அவங்கப்பன் கை, என் பேச்சையே கேட்டதில்ல."

சட்டம் சட்டம்தானே. ஜாமீன்தாரர் கிடைக்காத கையைத் தோளிலிருந்து கழற்றி, ரசீது கொடுத்து, சிறையிலேயே வைத்துக்கொண்டு மீதி ஆளை விட்டுவிட்டார்கள்.

சாயங்காலமே வீட்டுக் கதவு அதிர்ந்தது. செண்பகவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள். வலது பக்கச் சட்டைக்கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

"திறடி! கைதான் உள்ள கெடக்கே, இன்னும் என்னடி பயம்?"

"அப்ப கதவத் தட்டுறது எது?" என்றாள்.

தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலால் உதைக்க ஆரம்பித்தான்.