சுக்குக் கிடங்கில் அம்புஜம்

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை திடீரென்று வலுக்கிறது. மனைவி அம்புஜத்தின் பாடைக்கு முன்னால் தீச்சட்டியோடு நடந்த சேஷன் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் திகைத்து நிற்கிறார். சுக்குக் கிடங்கிலிருந்து சுமைதூக்கும் ஹம்சா ஓடி வருகிறார். "சாமி, உள்ள கொண்டு வாங்கோ!" சேஷனின் தம்பி தயங்குகிறார். "கச்சவடம், வியாபாரம் நடக்கிற எடமாச்சே, பிரேதத்தை எப்படி..." "இந்த மழையத்து ஆரையும் வெளியில நிறுத்தப்படாது சாமி" என்கிறார் ஹம்சா. மூட்டைகள் விலகுகின்றன. சுக்கின் கார மணத்துக்கு நடுவே பாடையை இறக்குகிறார்கள். விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஓட்டுக்கூரை முழுக்க மழை இரைகிறது. ஹம்சா தன் உலர்ந்த தோர்த்துத் துண்டை நீட்ட, சேஷன் அதை வாங்கி, குனிந்து, மனைவியின் நரைத்த கூந்தலை மெல்லத் துவட்டுகிறார். "ஈரத்தலை ஒனக்கு ஆகவே ஆகாதேடி" என்கிறார்.