அடைக்கலப் பட்டணம்

"அந்த ஊருக்குள்ள ஓடி வந்துட்டா அப்புறம் யாரும் தொட முடியாதாக்கா?" என்று கேட்டான் தம்பி.

"முடியாது. தெரியாம ஒருத்தரைக் கொன்னுட்டவனுக்குன்னே ஆறு ஊர் ஒதுக்கணும்னு சட்டம். மரம் வெட்டும்போது கோடரி கழண்டு பக்கத்துல நிக்கிறவன் மேல விழுந்துடுதுன்னு வையி. வெட்டுனவன் அங்க ஓடி வந்து பொழச்சுக்கலாம். எல்லையைத் தாண்டினா மட்டும், செத்தவனோட சொந்தக்காரன் அவனைக் கொல்லலாம்."

அக்கா மெய்ப்புத் திருத்துபவள். பைபிளின் முதல் பகுதியான மோசேயின் ஐந்து நூல்களும் புதிய பதிப்புக்காக அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. மாடி அறையில் குடியிருந்தவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார். அவள் மெய்ப்பில் பென்சில் ஓட்டுவாள். தம்பி தாள்களை வரிசைப்படுத்துவான்.

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை இழுத்துக்கொண்டு மேஜைமேல் ஊரும். மாடிக்காரரின் தாழ்ந்த குரலில் பாலைவனமும் கூடாரங்களும் மேகத்தின் பின்னே நடந்த கூட்டமும் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே வந்து தங்கிவிட்டதுபோல இருக்கும். வாசித்து நிறுத்தினால், எங்கேயோ போய்த் திரும்பியவர்களைப் போல மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தம்பி வேன் ஓட்டியவன். எட்டு மாதங்களுக்கு முன் மூடுபனியில் ஒரு சிறுமி வண்டியின் குறுக்கே ஓடி வந்து, அடிபட்டு இறந்துபோனாள். அவன்மேல் தப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

"எத்தனை நாள் அந்த ஊர்லயே கெடக்கணும்?"

"தலைமைக் குரு சாகுற வரைக்கும்."

"அவருக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "தெரியலடா. ஊரே ஒண்ணா ஒக்காந்து அழுதா, தனித்தனி அழுகை கொஞ்சம் அடங்கும்னு நெனச்சாங்களோ என்னவோ."

மாடிக்காரர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"துரத்தி வர்றவன் எங்க தங்குவான்? அவனுக்குன்னு ஒரு ஊரும் சொல்லலையே."

அக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

கடைசித் தாளும் திருத்தி முடிந்த மறுநாள் காலை, அவர் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"வந்து ஒரு மாசந்தானே ஆச்சு. அதுக்குள்ள கெளம்பிட்டீங்களே அண்ணே?" என்றாள் அக்கா.

"வந்த வேலை வேற மாதிரி ஆயிடுச்சும்மா." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வர்றீங்களா தம்பி?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் எதுவும் காதில் விழாதவள்போல மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு காலை வெளியே எடுத்து வைத்தான்.

தெரு முழுக்க வெள்ளைப் பனி. எதிர்வீடு மிதந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது, சைக்கிளைக் காணோம். தூக்கத்தில் நடப்பதுபோல அவன் நடந்தான். அவன் வேகத்துக்கு மாடிக்காரரும் மெதுவாகவே நடந்தார்.

"பயமா இருக்கா?"

"யாராச்சும் வந்து அடிச்சாக்கூடத் தேவலைன்னு இருக்குண்ணே. அந்தப் பாப்பாவோட அப்பா கப்பல்ல இருக்காராம். கேஸுக்குக்கூடத் தாய்மாமன்தான் வந்தாரு. அப்பாவோட மூஞ்சி எனக்குத் தெரியாது. என்னைக்காவது வருவாருன்னு தெனம் கேட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் இரண்டு விளக்குகள் மெல்ல வெளிப்பட்டன. மாடிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இனிமே பாக்க வேண்டாம் தம்பி," என்றார். "அவர் வந்துட்டாரு. ஒரு மாசமா உங்க மாடியிலதான் இருந்தாரு."