பச்சை மை

"பெத்த பொண்ணை நவம்பர் குளிர்ல வீட்டை விட்டுத் துரத்தறவ எல்லாம் ஒரு தாயா?"

கேட்டுவிட்ட பிறகுதான் லொரெட்டா ஹூடக்குக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கல்லூரியின் உதவித்தொகை அதிகாரி இப்படியெல்லாம் பேசக்கூடாது. ஆனால் பதினாறு வருஷமாக இந்த மேஜைக்கு எதிரே எத்தனையோ அழுகைகளைப் பார்த்தவளுக்கே இன்றைக்கு மனசு கேட்கவில்லை.

எதிரே டெஸ்ஸா. பத்தொன்பது வயது, நர்சிங் முதல் வருஷம். மூன்று வாரமாகத் தோழி வீட்டு சோபாவில் படுக்கை. தோழியின் அப்பா ஊரில் இருந்தால் காருக்குள்.

"என்னம்மா சண்டை?"

"சண்டையே இல்ல மேடம். வேலை முடிஞ்சு வர்றேன், வாசல்ல நாலு கறுப்புக் குப்பைப் பை. என் துணி அத்தனையும் துவைச்சு, மடிச்சு, மேல என் குளிர் கோட்டு, பனி பூட்ஸ். அப்போ எத்தனை நாளா திட்டம் போட்டிருக்கணும்!"

"பாவி" என்றாள் லொரெட்டா.

"கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்துக்கிட்டே 'போயிடு'ன்னா. அழுத மாதிரி நடிப்பு வேற."

ஆகஸ்டில் டெஸ்ஸாவின் விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருந்தது. இருபத்து நாலு வயசுக்குள் இருந்தால் பெற்றோர் வருமானமும் கணக்கில் வரும். அம்மா மறுகல்யாணம் செய்துகொண்ட வெய்ன் லாரி ஓட்டுகிறான், நல்ல சம்பளம்.

"வெய்ன் சம்பளம் கணக்குல வருது. என் ஃபீஸுக்கு அஞ்சு டாலர் வராது. இந்த செமஸ்டரைக் கடன்ல ஓட்டிட்டேன். உதவித்தொகை இல்லன்னா ஜனவரியில நின்னுட வேண்டியதுதான்."

"இப்போ நிலைமை வேற. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, தங்க இடமில்லாத பிள்ளைக்குப் பெத்தவங்க வருமானத்தைப் பார்க்கக்கூடாதுன்னு சட்டம். ஆனா சும்மா வாயால சொன்னாப் போதாது. ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

டெஸ்ஸா பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"கதவுல டேப் போட்டு ஒட்டியிருந்தா. அன்னிக்குப் படிச்சுட்டு மடிச்சு வெச்சவதான், இன்னைக்குத்தான் வெளியே எடுக்கறேன்."

லொரெட்டா படித்தாள். 'என் மகள் டெஸ்ஸா நவம்பர் நாலாம் தேதியிலிருந்து என் வீட்டில் இல்லை. தங்க இடமும் பணமும் நான் தரமாட்டேன். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து, ஃபோன் நம்பர்.

"துரத்தறவ யாராவது தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நம்பரும் எழுதுவாளா? மோட்டல்ல ரூம் கூட்டறவ, என்னமோ கோர்ட்டு கிளார்க் மாதிரி! அதுவும் ஒரு நல்ல பேப்பர் கிடைக்கல. ஏதோ பழைய அச்சுத் தாளோட பின்பக்கம்."

"விடும்மா. அவ திமிர்ல எழுதினது உனக்கு நல்லதாப் போச்சு. இதைவிட வேற அத்தாட்சி வேண்டாம். ஜனவரியில உனக்கு முழுப் பணமும் வந்துடும்."

டெஸ்ஸா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனி அவ முகத்துல முழிக்க மாட்டேன் மேடம். செத்தாலும் போக மாட்டேன்."

"போகாதே. இந்த மாதிரி ஜென்மங்களுக்கு அதுதான் சரி" என்று சொல்லியபடியே, முத்திரை குத்துவதற்காக லொரெட்டா காகிதத்தைத் திருப்பினாள்.

'பெற்றோர் வருமானம் எப்போது கணக்கில் வராது?' அவளுடைய கவுன்ட்டரிலேயே கொடுக்கிற தாள். வரிசையாக எட்டு காரணங்கள். ஏழு பச்சை மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. எட்டாவதைச் சுற்றி ஒரு பச்சை வட்டம்.

அந்த ஆபீசில் பச்சைப் பேனா வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

ஆகஸ்ட் மாதம். சாப்பாட்டு நேரம். கதவு வரை வரிசை. மோட்டல் சீருடையில் ஒரு பெண், மகள் விண்ணப்பம் தள்ளுபடி ஆனதற்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றாள். "வேற வழியே இல்லையா மேடம்? கண்ணாடி கொண்டு வரல, நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்."

பசி எரிச்சலில் லொரெட்டா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். "கல்யாணம் ஆச்சா? இல்ல. குழந்தை? இல்ல. ராணுவம்? இல்ல. அனாதையா? அதுதான் நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறீங்களே! மிச்சம் இது ஒண்ணுதான். பொண்ணைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுங்க, முழுப் பணமும் கிடைக்கும். அடுத்தது யாரு?"

வரிசையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

"என்ன மேடம், பின்னால ஏதாவது இருக்கா?"

லொரெட்டா தாளைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். சொன்னால் இந்தப் பெண் இப்போதே வீட்டுக்கு ஓடுவாள். ஓடினால் வீடு இருக்கிறது என்று ஆகிவிடும், பணம் போய்விடும். அந்தத் தாய் மூன்று வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருப்பதெல்லாம் வீணாகும்.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் பழைய தாள்."

பச்சை வட்டத்தின் மேலேயே முத்திரையைக் குத்தினாள்.

டெஸ்ஸா அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பட்டம் வாங்கற அன்னிக்கு நீங்க கண்டிப்பா வரணும் மேடம். அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில நீங்கதான் உட்காரணும்."