அவளிடம் கற்றவை

வீட்டுக்காரர் கையை உயர்த்தினார்.

அது சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டது.

“பாத்தீங்களா? நேத்து விருந்தாளிங்க முன்னாடி டம்ளர் எடுக்கக் கையத் தூக்கினேன். இப்படிப் பண்ணி என் மானத்தையே வாங்கிடுச்சு.”

ரோபோவைப் பழுதுபார்க்க வந்திருந்த சர்வீஸ்காரர் சிரித்தபடி பையைத் திறந்தார்.

இதில் என்ன கோளாறு என்று அதற்கு விளங்கவில்லை. வீட்டுக்காரரின் கை உயர்ந்தால் வேலை செய்பவரின் தலை தாழ வேண்டும். வணக்கம் சொல்வதைப் போல இதுவும் ஒரு மரியாதை என்றே அது கற்றிருந்தது.

கற்றது எல்லாமே அவளிடம்தான். இதற்கு முன்பு இந்த வீட்டில் வேலை செய்தவளிடம்.

பெட்டியைப் பிரித்த அன்றே வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “இவ செய்யறத எல்லாம் கூடவே இருந்து பாரு. ஒண்ணு விடாத. ஆனா நீயா எதுலயும் கை வைக்காத.”

அன்றிலிருந்து அவள் நிழல் போல் அது நடந்தது.

அவளை எல்லோரும் ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அதையும் அப்படியே கூப்பிடுகிறார்கள். வேலையோடு பெயரும் கைமாறும் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது.

களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று அதைப் பற்றி வீட்டம்மா போனில் பெருமை பேசுகிறாள். அவளைப் பற்றியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்கு உத்தரவாதம் உண்டு, வருடம் ஒருமுறை பரிசோதனை உண்டு, வெயிலில் வைக்கக் கூடாது என்று சொல்லும் சிறு புத்தகம்கூட உண்டு. அவள் எந்தப் பெட்டியில் வந்தாள், புத்தகத்தை எங்கே தொலைத்தார்கள் என்று அது பலமுறை யோசித்திருக்கிறது.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, அவள் ஈரக் கையாலேயே அதன் கண்ணில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதை எந்த வேலையோடு சேர்ப்பது என்று தெரியாமல் தனியே வைத்திருந்தது.

“சரி பண்ணிட்டா, ராத்திரி நாங்க தூங்கற நேரத்துல பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு விடலாமா? சும்மாதானே நிக்குது?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அவளையும் இப்படித்தான் அவருடைய தங்கை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் சும்மாதான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் பாக்கலாம் சார். முதல்ல இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும். இது யாரப் பாத்துக் கத்துக்கிச்சு?”

“ஒருத்தி இருந்தா. நன்றி கெட்டவ, ஓடிப்போயிட்டா. நீங்க எல்லாத்தையும் அழிச்சு விட்டுடுங்க தம்பி” என்றாள் வீட்டம்மா.

சர்வீஸ்காரர் கையிலிருந்த திரையைத் தட்டினார். கற்ற வரிசையில் எல்லாவற்றையும் வேகமாகச் செய்துகாட்டும்படி உத்தரவு வந்தது.

அது பெருக்கியது. துணியைப் பிழிந்தது. போர்வையை மடித்தது. தட்டை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, முகம் பார்க்காமல் பின்வாங்கியது. குழாயடியில் நின்றபடி, இல்லாத வாய்க்கு அவசர அவசரமாக எதையோ ஊட்டியது. குனிந்து தலையை மறைத்தது. மறுபடியும் மறைத்தது. மறுபடியும்.

சர்வீஸ்காரரின் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது.

அது சமையலறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே அது செய்வதெல்லாம் சர்வீஸ்காரரின் திரையில் தெரிந்தது.

“போதும் தம்பி, நிறுத்துங்க.” வீட்டம்மாவின் குரல் உயர்ந்தது.

“கடைசிப் பாடம்தான் மேடம்.”

இந்தப் பாடத்தின் பயன் என்ன என்று அதற்கு இன்றுவரை தெரியவில்லை. வீட்டார் எல்லோரும் வெளியூர் போயிருந்த வாரத்தில் அவள் கற்றுக்கொடுத்தது. முழுதாகக் கற்றுக்கொடுப்பதற்குள் ஓடிவிடக் கூடாதென்று, அவளையும் அதையும் உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் உள்ளங்கையால் கதவைத் தட்ட வேண்டும். பிறகு முட்டியால். பிறகு உட்கார்ந்து, கதவின் அடிப்பாகத்தில், இடைவெளி விட்டுவிட்டு. நடுவில் ஒருமுறை திரும்பி, கேட்பதுபோல் கையை நீட்ட வேண்டும். அன்று அந்தக் கை அதை நோக்கித்தான் நீண்டது. அது பார்த்துக்கொண்டிருந்தது. கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

பிறகு படுக்க வேண்டும், கதவிடுக்கில் மூக்கை வைத்து.

அது படுத்தது. அசையாமல் இருந்தது.

வெளியே சர்வீஸ்காரரின் குரல், மிக மெதுவாக.

“மேடம், இதுக்கப்புறம் அவங்க எப்ப எழுந்தாங்க?”

அதைப் பார்க்கத்தான் அதுவும் அன்று, வீட்டார் வந்து கதவைத் திறக்கும்வரை, கண் எடுக்காமல் காத்திருந்தது.