ஒருசந்தி

கொட்டாஞ்சேனை முதியோர் இல்லத்தின் மாடியில், பின்னேர வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை யூஜினாவின் கட்டில் விரிப்பில் போட்டுவைத்திருக்கிறது. எண்பத்துமூன்று வயது யூஜினா வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். "இண்டைக்குப் பெரிய வெள்ளி. நான் ஒருசந்தி, சாப்பிடாமல் விரதம்." இயேசு சிலுவையில் மரித்த அந்தப் பெரிய வெள்ளி வருவது பங்குனி, சித்திரையில்; இது ஒக்டோபர் மாதம். நேற்றும் அவளுக்குப் பெரிய வெள்ளிதான். இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கால் குழாய் விடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விடியற்காலையிலிருந்து ஒன்பது பேரைத் துடைத்துக் குளிப்பாட்டிய தாதி மயிலம்மா, வீங்கிய காலைச் செருப்பிலிருந்து உருவிச் சீமெந்துத் தரையில் வைத்தபடி நிற்கிறாள். அவளுடைய சோற்றுப் பார்சல் அலுமாரிமேல் அவிழ்க்காமல் கிடக்கிறது. கையிலிருக்கும் கஞ்சி ஆடை கட்டிவிட்டது. "மணி அடிச்சா சாப்பிடுவீங்கதானே அம்மா?" "ஓம். இன்னும் அடிக்கேல்லையே." பெரிய வியாழனோடு ஊமையாகும் கோயில் மணி ஈஸ்டர் உயிர்ப்புப் பூசையில்தான் மறுபடி அடிக்கும்; அதோடுதான் ஒருசந்தியும் முடியும். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்து வளர்ந்த மயிலம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே யூஜினாதான், நினைவு தெளிந்திருந்த ஒரு நாளில். மயிலம்மா கஞ்சிக் கோப்பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, வெறும் சில்வர் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடிக்கிறாள். ஒருதரம், இரண்டுதரம், பிறகு கை ஓயும்வரை. யூஜினா மெல்லத் திரும்புகிறாள். நெற்றியில் சிலுவை போடுகிறாள். கரண்டியை வாங்கிக் கஞ்சியை அள்ளி, மயிலம்மாவின் வாய்க்கு நேரே நீட்டுகிறாள். "முதல்ல நீ குடி, பிள்ளை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நீயும் ஒருசந்தி." மயிலம்மா வாயைத் திறக்கிறாள்.