சிவக்கும் கட்டம்

திருப்பூர் பனியன் கம்பெனியின் சுவரில் மாட்டிய கணினித் திரை, துணி வெட்டுவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை வேலை ஓடும் பாதையை ஓயாமல் வரைந்துகொண்டிருக்கும். வரிசையில் மற்றவர்களைவிட எந்த டைலர் பிந்துகிறாரோ அவருடைய கட்டம் சிவக்கும். சாயங்காலமும் சிவப்பாகவே இருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

நிறைமாதக் கர்ப்பிணியான வாசுகியின் கட்டம் மதியமே சிவந்துவிட்டது. பக்கத்து மிஷினில் இருந்த சம்பூர்ணம் தன் கையையும் மெதுவாக்கினாள்.

“அக்கா, உங்க வேலையும் போயிருமுங்க.”

“எல்லாரும் நத்தையாட்டம் தெச்சா அது யாரைன்னு புடிக்கும்? நீ குனிஞ்சு தையி கண்ணு.”

சேதி மிஷினுக்கு மிஷின் போனது. வரிசை முழுவதும் ஒரே சீராக மெதுவானது. சாயங்காலத்துக்குள் வாசுகியின் சிவப்பு மறைந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சம்பூர்ணம் மிஷினைத் துடைத்துவிட்டு, வெட்டிய துணிக்குக் காத்திருந்தாள். துணி வரவில்லை. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பாதை வேறொரு வரிசைக்குத் திரும்பியிருந்தது. இவர்கள் வரிசை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

“பாத்தீங்களாக்கா,” என்றாள் வாசுகி சந்தோஷமாக. “இன்னைக்கு நம்ம லைன்ல ஒரு சிவப்புகூட இல்லீங்க.”