பன்னிரண்டில் முதல் கேம்

“மீட்டிங்ல நீ வாயே திறக்கக் கூடாது, புரியுதா?” என்றார் குழுத் தலைவர்.

புது கேம்களை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. “சார், காலையில வந்ததும் காட்டினேனே. அந்த கேம்ல ஒன்பதாவது கட்டத்துக்குப் போனா கன்சோல் பெட்டிக்குள்ள ஃபேன் நின்னுடுது. பின்பக்கம் தொட்டா சுடுது. பிளாஸ்டிக் கருகுற வாடை வேற...”

“பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். இப்ப உள்ள வா.”

ஆபீஸில் அவருக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அவர் தலை தானாக ஆடும்.

சரியாகப் பத்து மணிக்கு விற்பனை மேலாளர் திரையைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். புது கேம் கன்சோல் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. கூடவே பன்னிரண்டு கேம்கள். பட்டியலில் முதலில் நின்றது டிராகன் கேம். அவள் மூன்று வாரமாக ஆடிச் சோதித்துவந்த அதே கேம்.

“இது இருந்தா முதல் மாசம் ஆறு லட்சம் பெட்டி போகும். இல்லேன்னா ரெண்டைத் தாண்டாது. அப்புறம் இந்த ரூம்ல பாதிப் பேருக்கு வேலை இருக்காது, என்னையும் சேர்த்து.” அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“டெஸ்டிங்ல எல்லாம் சரிதானே?”

அவள் தலையாட்டியைப் பார்த்தாள்.

“மதியத்துக்குள்ள எழுத்துல வந்துடும் சார்,” என்றார் அவர். தலை ஆடியது.

வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினாள். “ஏன் சார் சொல்லல? சின்னப் பசங்க மெத்தையில வச்சு ஆடுவாங்க. மேல போர்வை கிடக்கும்.”

“உனக்கு வேலை நிரந்தரமாகிறது என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை சார்.”

“அதுவரைக்கும் உனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. போய் அடுத்த கேமை ஆடு.”

இடத்துக்கு வந்தாள். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி இருக்க? பிழைப் பதிவுல எதையாவது ஏத்தப் போறியா?”

“ஏத்தினா என்னண்ணா ஆகும்?”

“ஒரு மணிக்கு எல்லாப் பதிவும் மேலே போகும். எழுதினவங்க பேரோட. போன கன்சோல் வந்தப்ப ஒருத்தர் எழுதினார். கேமை நிறுத்தினாங்க. அப்புறம் அவரை நிறுத்தினாங்க. நீ உட்கார்ந்திருக்கிறது அவர் நாற்காலிதான்.”

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

போன் அடித்தது. அம்மா.

“வெள்ளிக்கிழமை லெட்டர் குடுத்துடுவாங்கல்ல? உங்க அப்பா இப்பவே தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டார்.”

“குடுப்பாங்கம்மா.” போனை வைத்தாள்.

மணி பன்னிரண்டு நாற்பது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலையாட்டி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தொண்டைக்குள் இறங்குகிறதோ! ஆத்திரமாக வந்தது. இன்னும் இருபது நிமிடம் சும்மா இருந்துவிட்டால் தானும் அவரும் ஒன்றுதான் என்று தோன்றியபோது, அந்த ஆத்திரம் தன் மேலேயே திரும்பியது.

பிழைப் பதிவைத் திறந்தாள். கேமின் பெயர். ஒன்பதாவது கட்டம். ஃபேன் நிற்கிறது. தீப்பிடிக்க வாய்ப்பு. அவசரத்தில் ‘தீ’ இரண்டு தடவை விழுந்தது. ஒன்றை அழித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் எழுதியது போகவில்லை. வேறு ஏதோ வந்திருந்தது.

‘இந்தப் பிழை ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நேரம்: காலை 9.50. பதிந்தவர்: குழுத் தலைவர், டெஸ்டிங்.’

மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்னால்!

அதற்குக் கீழே அவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்.

‘இதைக் கண்டுபிடித்தது நான் மட்டும்தான். என் குழுவில் வேறு யாருக்கும் இது தெரியாது.’